ஜெர்மனியில் பெஞ்சா, அமெரிக்காவில் களமா?

வணக்கம் ஐயா. இருபத்தொரு வயது மகன் ஜெர்மன் இரண்டாம் பிரிவு கால்பந்து அணியில் மாற்று ஆட்டக்காரனாகப் பெஞ்சிலேயே இருக்கிறான், அமெரிக்காவின் முதல்நிலைக் கால்பந்து லீக்கான எம்எல்எஸ்ஸின் அணி ஒன்று அழைக்கிறது, திரும்பினால் ஐரோப்பாவின் கதவு மூடிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அமெரிக்காவின் கால்பந்து வீரர் லாண்டன் டோனவனைப் பாருங்கள். ஜெர்மனியின் லெவர்குசன் அணியில் வாய்ப்புக் கிடைக்காமல் 2001-இல் கடனாக, அதாவது ஒப்பந்தம் பழைய அணியிடமே இருக்கத் தற்காலிகமாக, எம்எல்எஸ்ஸின் சான் ஹோசே அணிக்கு வந்தார். அந்த ஆண்டே அணிக்கு எம்எல்எஸ் கோப்பை. மறு ஆண்டு உலகக் கோப்பையில் இரண்டு கோல். 2005-இல் மறுபடி லெவர்குசனுக்குப் போய்ச் சில மாதங்களில் அமெரிக்காவுக்குத் திரும்பியபோது கோழை என்றுகூடச் சொன்னார்கள். ஆனால் 2010-இல் இங்கிலாந்தின் எவர்ட்டன் அணி அவரைக் கடனாக வாங்கியது, ரசிகர்கள் கொண்டாடினார்கள். கதவு மூடவில்லை.

அதற்காக உடனே விமானம் ஏற்றிவிடாதீர்கள். பெஞ்சிலும் வகை உண்டு. எழுபதாவது நிமிடத்தில் இறக்கப்படுகிறவன் வரிசையில் நிற்கிறான். சனிக்கிழமை பட்டியலிலேயே பெயர் இல்லாதவன் பயிற்சிக்கு ஆள் சேர்க்கப் பயன்படுகிறான். உங்கள் பையன் எந்த வகை? முகவரிடம் கேட்காதீர்கள், அவருக்குத் தரகுதான் கண்ணில் தெரியும். பயிற்சியாளரிடம் மகனே நேரில் கேட்கட்டும்.

முதலில் கடன் ஒப்பந்தத்துக்கு முயலுங்கள். நிரந்தரமாகத்தான் வேண்டும் என்றால் ஒன்று கவனியுங்கள்: எம்எல்எஸ்ஸில் ஒப்பந்தம் அணியோடு அல்ல, லீக்கோடு. 'விருப்ப ஆண்டுகள்' என்ற நீட்டிப்பு உரிமை பெரும்பாலும் அவர்கள் கையில்தான் இருக்கும். எத்தனை ஆண்டு, வெளியே விற்க என்ன தொகை என்பதை எழுத்தில் வாங்காமல் கையெழுத்துப் போடவேண்டாம்.