நைனாவுக்கு வாட்ச் வாங்குவதற்கு முன்னால் ஒரு எடை மெஷின் வாங்குங்கள்

கேள்வி: நாங்கள் சித்தூர் மாவட்டம் குடிபாலா பக்கம். நைனாவுக்கு 68 வயது. போன வருடம் ஹார்ட் அட்டாக் வந்ததிலிருந்து பம்பிங் 35 சதவீதம்தான் என்கிறார்கள், சுகரும் இருக்கிறது. இந்த வருடம் இரண்டு தடவை மூச்சுத்திணறலோடு வேலூரில் சேர்த்தோம். நான் பெங்களூரில் வேலை பார்க்கிறேன், வீட்டில் அம்மா மட்டும்தான். வாட்ச், சுகர் சென்சார், ஆப் எல்லாம் சேர்த்து வீட்டிலேயே 24 மணி நேரக் கண்காணிப்பு என்று ஒரு கம்பெனி பேக்கேஜ் சொல்கிறது. வாங்கலாமா? ஒவ்வொரு முறையும் வேலூர் போகாமல் வீடியோவிலேயே காட்ட முடியுமா, தமிழ்நாட்டு டாக்டர் போனில் பார்த்து எழுதும் சீட்டு ஆந்திராவில் செல்லுமா? அரசின் ஆபா (ABHA) சுகாதார அடையாளக் கார்டு எடுத்தால் ஏதாவது பிரயோஜனம் உண்டா?

பதில்: பேக்கேஜை இப்போதைக்கு விடுங்கள். ஒரு டிஜிட்டல் எடை மெஷினும், மேல்கையில் பட்டை கட்டும் பிபி மெஷினும் வாங்கி வீட்டில் வையுங்கள். சுகர் மீட்டர் எப்படியும் இருக்கும். உங்கள் நைனாவின் நிலைமைக்கு இந்த மூன்றும் போதும், இதிலும் முதலிடம் எடை மெஷினுக்குத்தான்.

கேட்டால் சப்பென்று இருக்கும், தெரியும். வேலூர்ப் பக்கம் பொது மருத்துவம் பார்க்கிறவன் நான், கையில் வாட்ச் கட்டிக்கொண்டு வருகிற பெரியவர்களை இப்போது நிறையப் பார்க்கிறேன். நேற்று எத்தனை அடி நடந்தார் என்று சொல்வார்கள், எடை எவ்வளவு என்று கேட்டால் பதில் வராது. பம்பிங் குறைந்த இதயம் ரத்தத்தை முழுசாகத் தள்ள முடியாமல் போகும்போது சிறுநீரகம் உப்பையும் தண்ணீரையும் உள்ளேயே பிடித்துவைக்க ஆரம்பிக்கிறது, அந்த நீர் காலிலும் வயிற்றிலும் நுரையீரலிலும் தேங்குகிறது. தேங்குகிற நீருக்கு எடை உண்டு. ராத்திரி மூச்சுத்திணறி கார் தேடுவதற்குப் பல நாள் முன்பே எடை ஏறத் தொடங்கிவிடுகிறது, எல்லாருக்கும் இல்லை என்றாலும் பலருக்கு. மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் அது சாப்பிட்டு ஏறிய சதை இல்லை, நீர். அன்றைக்கே டாக்டருக்குப் போன் போக வேண்டும்.

எடை பார்ப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. காலையில் எழுந்து சிறுநீர் கழித்த பிறகு, காபிக்கு முன்னால், தினமும் ஏறக்குறைய அதே மாதிரி உடுப்பில், சமமான கெட்டித் தரையில் மெஷினை வைத்துப் பார்க்க வேண்டும். பாய் மேலோ மண் தரையிலோ வைத்தால் எண் ஆடும். அம்மா அதைச் சுவரில் தொங்குகிற மாத காலண்டரில் அந்தந்தத் தேதிக் கட்டத்துக்குள்ளேயே எழுதிவிடட்டும், ஆப் எதுவும் வேண்டாம். கூடவே ஒரு கேள்வி, நேற்று ராத்திரி எத்தனை தலையணை வைத்துப் படுத்தார்? ஒன்று வைத்துப் படுத்தவர் இரண்டு கேட்கிறார், படுக்க முடியாமல் எழுந்து உட்கார்கிறார் என்றால் எடை ஏறாவிட்டாலும் அது எச்சரிக்கைதான். உங்கள் பக்கத்துச் சாப்பாட்டையும் கவனியுங்கள். ஆவக்காயும் கோங்கூரா ஊறுகாயும் இல்லாமல் சோறு இறங்காது என்பார்கள், அந்த உப்பு ஒன்றிரண்டு நாளில் காலண்டர் கட்டத்தில் வந்து நிற்கும். நான் சொல்லிக் கேட்காதவர்கள் அந்த எண்ணைப் பார்த்ததும் ஜாடியைத் தள்ளி வைத்திருக்கிறார்கள்.

பிபி மெஷினில் மணிக்கட்டில் கட்டுவதை வாங்காதீர்கள். மேல்கைப் பட்டையும் கையின் சுற்றளவுக்குப் பொருந்த வேண்டும், கை பருமனாக இருந்து பட்டை சின்னதாக இருந்தால் எண் கூடவே காட்டும். ஐந்து நிமிடம் சும்மா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, பாதம் தரையில் பட, கையை மேஜை மேல் நெஞ்சு உயரத்துக்கு வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை. நடுவில் பேச்சு கூடாது (இதுதான் எல்லா வீட்டிலும் தோற்கிற இடம்). பொதுவாக வீட்டு அளவில் 135/85-ஐத் தாண்டினால் பிபி அதிகம் என்று கொள்வோம், ஆனால் உங்கள் நைனா விஷயம் வேறு: பம்பிங் குறைந்தவர்களுக்குக் கொடுக்கும் மாத்திரைகளால் மேல் அளவு 100-ஐ ஒட்டி இருப்பது சகஜம், டாக்டர்கள் தெரிந்தேதான் அப்படி வைத்திருப்பார்கள். எண் குறைவாக இருக்கிறதே என்று அம்மா பயந்து மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. 90-க்குக் கீழே போய், எழுந்தால் தலையும் சுற்றுகிறது என்றால் மட்டும் உடனே கேளுங்கள்.

சுகர் மீட்டரைப் பற்றி இரண்டே விஷயம். லேபில் 200 இருக்கும்போது மீட்டர் 170 காட்டினாலும் 230 காட்டினாலும் அது தரத்துக்கு உட்பட்ட வித்தியாசம்தான், அதற்காக மீட்டரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாம். இரண்டாவது, சித்தூர் மாவட்டத்தில் மாம்பழ சீசனில் இது தனியாகச் சொல்ல வேண்டியது: பழம் உரித்த கையைக் கழுவாமல் ஊசி குத்தினால் விரலில் ஒட்டிய சாற்றையும் சேர்த்துத்தான் மெஷின் அளக்கும். சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, அப்புறம் குத்துங்கள். தோலில் ஒட்டும் சென்சார் நல்ல பொருள்தான், இன்சுலின் போட்டுக்கொண்டு ராத்திரியில் சுகர் 70-க்குக் கீழே இறங்குகிறவர்களுக்கு ரொம்ப உதவும். அது ரத்தத்தை அளப்பதில்லை, தோலுக்கடியில் இருக்கும் நீரை அளப்பதால் சில நிமிடம் பின்தங்கித்தான் காட்டும். மாத்திரையில் இருப்பவருக்கு அந்தச் செலவு தேவையா என்று டாக்டரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். ஊசியே இல்லாமல் வாட்ச் சுகர் காட்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அப்படித் தானாகவே சுகர் அளக்கும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் அனுமதி தரவில்லை என்று மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் பகிரங்கமாகவே எச்சரித்தது. வாட்சில் வரும் ஈசிஜி துடிப்பு ஒழுங்கில்லை என்று சில சமயம் சரியாகவே கண்டுபிடிக்கும். ஹார்ட் அட்டாக்கை அது கண்டுபிடிக்காது. நெஞ்சு வலிக்கும்போது வாட்சில் நார்மல் என்று வந்ததைப் பார்த்துவிட்டு வீட்டில் படுத்துக்கொள்வதுதான் அதனால் வரக்கூடிய பெரிய ஆபத்து.

சரி, பேக்கேஜை ஏன் வேண்டாம் என்கிறேன்? தொலைவிலிருந்து கண்காணிப்பது பலன் தராது என்பதால் இல்லை, தரும். ஆனால் எப்போது தரும் என்பதற்கு இரண்டு ஆய்வுகள் இருக்கின்றன. அமெரிக்காவில் உங்கள் நைனா மாதிரி இதய நோயாளிகள் 1,653 பேரை எடுத்து, பாதிப் பேரைத் தினமும் ஒரு தானியங்கி போன் லைனில் எடையையும் உடம்பு எப்படி இருக்கிறது என்பதையும் சொல்ல வைத்தார்கள். 2010-ல் முடிவு வந்தது: ஆறு மாதத்தில் மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்ந்ததிலும் இறப்பிலும் வித்தியாசமே இல்லை. ஏழு பேரில் ஒருவர் ஒரு தடவைகூடப் போன் செய்யவில்லை, கடைசி வாரத்தில் 55 சதவீதம் பேர்தான் வாரத்துக்கு மூன்று முறையாவது செய்துகொண்டிருந்தார்கள். அப்புறம் 2018-ல் ஜெர்மனியிலிருந்து இன்னொன்று. 1,571 பேர், அங்கேயும் தினசரி எடை, பிபி, ஈசிஜி போன்றவைதான், ஆனால் அந்த எண்கள் போய்ச் சேர்ந்த மையத்தில் டாக்டர்களும் நர்சுகளும் ராத்திரி பகலாக உட்கார்ந்து பார்த்து, எண் ஏறியதும் வீட்டுக்குப் போன் செய்து மாத்திரையை மாற்றினார்கள், நோயாளியின் சொந்த டாக்டரோடும் பேசினார்கள். அங்கே திடீரென்று இதயக் கோளாறால் ஆஸ்பத்திரியில் கிடந்ததாலோ இறந்துபோனதாலோ இழந்த நாட்கள் ஒருவருக்கு வருடத்துக்குச் சராசரி 24-லிருந்து 18 ஆகக் குறைந்தது, இறப்பும் குறைந்தது.

அதனால் கம்பெனிக்காரர்களிடம் கருவியைப் பற்றிக் கேட்காதீர்கள், ஆளைப் பற்றிக் கேளுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு எண் ஏறினால் யார் பார்ப்பார்கள், அவர் டாக்டரா, பதிவு எண் என்ன, அம்மாவோடு தமிழிலோ தெலுங்கிலோ பேசுவாரா, நைனாவின் வேலூர் டாக்டருக்கு அந்தத் தகவல் போகுமா, ஊரில் கரண்ட் போய் வைஃபை படுத்துவிட்டால் என்ன செய்வார்கள்? இதற்கெல்லாம் நேரான பதில் வந்தால் யோசிக்கலாம். அலர்ட் உங்கள் மொபைலுக்கு வரும் சார் என்று மட்டும் சொன்னால், பெங்களூரில் மீட்டிங்கில் இருக்கும் நீங்கள்தான் அந்தக் கண்காணிப்பு மையம், அதற்கு நீங்களே பணமும் கட்டுகிறீர்கள்.

தொலைமருத்துவம் உங்கள் மாவட்டத்துக்குப் புதிதும் இல்லை. 2000-லேயே அரகொண்டாவில் செயற்கைக்கோள் வழியாக நகரத்து நிபுணர்கள் கிராமத்து நோயாளியைப் பார்க்கும் மையம் வந்துவிட்டது, அமெரிக்க அதிபர் கிளிண்டன் தொடங்கிவைத்தார். இன்றைக்கு அதே வேலையை உங்கள் கையில் இருக்கும் போன் செய்யும். சட்டமும் தெளிவு: 2020 மார்ச் 25-ல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்களின்படி பதிவு பெற்ற எந்த டாக்டரும் இந்தியாவில் எங்கே இருக்கும் நோயாளியையும் போனிலோ வீடியோவிலோ பார்க்கலாம். அவர் எழுதும் சீட்டில் பதிவு எண்ணும் கையெழுத்தும் இருந்தால் சித்தூர் மெடிக்கலில் தாராளமாக வாங்கலாம், மாநில எல்லையில் இருக்கும் காட்பாடி செக்போஸ்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்ற பேச்சே இல்லை. நேரில் பார்த்து ஆறு மாதத்துக்குள் அதே நோய்க்காகப் பேசினால் அது தொடர் சிகிச்சை என்று எடுத்துக்கொள்ளப்படும், டாக்டருக்கும் பழைய மருந்தைத் தொடரவோ கூட்டிக் குறைக்கவோ சுலபம். தூக்க மாத்திரை மாதிரி போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும் மருந்துகளைப் போனில் எழுத முடியாது.

ஆக, வேலூர் டாக்டரிடம் அடுத்த முறை போகும்போது நேராகவே கேளுங்கள்: ஒரு முறை நேரில், அடுத்த முறை வீடியோவில் என்று வைத்துக்கொள்ளலாமா, எடை ஏறினால் எந்த எண்ணுக்குச் செய்தி அனுப்புவது, தேங்கிய நீரைச் சிறுநீராக வெளியேற்றும் நீர் மாத்திரையை நாங்களே ஒன்று கூட்டலாமா, எத்தனை நாளைக்கு? இதை அவர் கையாலேயே சீட்டில் எழுதி வாங்குங்கள். வீடியோவுக்கு முன்னால் சித்தூரிலேயே ரத்தத்தில் கிரியாட்டினினும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) பொட்டாசியமும் பார்த்து ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டால் பாதி வேலை முடிந்தது, இந்த மாத்திரைகள் அந்த இரண்டையும்தான் கெடுக்கும். இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோவுக்கும் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்ப்பதற்கும் நேரில்தான் போக வேண்டும், அதற்கு வழியில்லை.

செய்தி அனுப்பும்போது நாற்பது போட்டோ அனுப்பாதீர்கள், எதைத் திறப்பது என்று தெரியாமல் அப்படியே கிடக்கும். இப்படி அனுப்புங்கள்: “68 வயது, பம்பிங் 35. இன்று எடை 64.3, மூன்று நாள் முன்னால் 62. பிபி 112/70, துடிப்பு 90. கால் வீங்கியிருக்கிறது, இரண்டு தலையணை வேண்டியிருக்கிறது. நீர் மாத்திரை காலையில் ஒன்று, விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை கல்யாணச் சாப்பாடு.” கடைசி வரியைப் பலர் விட்டுவிடுவார்கள், எனக்கு அதுதான் நிறையச் சொல்லும்.

காய்ச்சல், சளி, தோல் அரிப்பு மாதிரி விஷயத்துக்கு போனிலேயே டாக்டரைப் பார்க்கும் அரசின் இ-சஞ்சீவனி சேவை இருக்கிறது, இலவசம். போனில் நீங்களே போகலாம், அல்லது ஊரில் இருக்கும் அரசு சுகாதார மையமான ஆயுஷ்மான் ஆரோக்ய மந்திரில் கேட்டால் அங்கிருக்கும் பணியாளரே பெரிய டாக்டரோடு இணைத்துவிடுவார். ஆனால் அங்கே ஒவ்வொரு முறையும் வேறு வேறு டாக்டர் வரலாம் என்பதால் இதய மாத்திரையைக் கூட்டிக் குறைக்கிற வேலையை அதில் வைத்துக்கொள்ள வேண்டாம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறது, நெஞ்சு வலி, குளிர்ந்த வியர்வை, மயக்கம் என்றால் வீடியோ, மெசேஜ் எதுவும் கிடையாது, 108. எல்லையில் இருப்பதால் போன் தமிழ்நாட்டு டவரைப் பிடித்து அழைப்பு அந்தப் பக்கத்துக் கட்டுப்பாட்டு அறைக்குப் போகலாம். எடுத்ததும் மாநிலம், மாவட்டம், மண்டலம், ஊர் என்று சொல்ல அம்மாவுக்குப் பழக்கிவிடுங்கள், கூடவே பக்கத்தில் கார் வைத்திருக்கும் ஒருவரின் எண்ணும் போனில் இருக்கட்டும்.

ஆபா எடுங்கள், காசு இல்லை, கட்டாயமும் இல்லை. ஆனால் அது காப்பீட்டு அட்டை இல்லை, ஆந்திராவின் என்.டி.ஆர் வைத்திய சேவாவும் தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீடும் வேறு கதை. ஆபா என்பது 14 இலக்க எண், அதோடு இணைந்த ஆஸ்பத்திரிகளும் லேபுகளும் பதிவேற்றும் ரிப்போர்ட்டுகளை நீங்கள் சம்மதம் கொடுத்தால் இன்னொரு டாக்டர் பார்க்க முடியும். இணையாத இடத்துப் பழைய ரிப்போர்ட் தானாக வந்து சேராது, ஆகவே டிஸ்சார்ஜ் சம்மரியும் கடைசி எக்கோவும் வைத்த பிளாஸ்டிக் ஃபைலைத் தூக்கிப் போடாதீர்கள். எடுப்பதற்கு முன் நைனாவின் ஆதாரில் எந்த மொபைல் எண் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் எண் என்றால் அவர் ஓபி கவுன்ட்டரில் நிற்பார், ஓடிபி பெங்களூருக்கு வரும், நீங்கள் போனை எடுப்பதற்குள் அது காலாவதியாகியிருக்கும். முதலில் ஆதார் மையத்தில் அம்மா கையில் இருக்கும் எண்ணுக்கு மாற்றிவிட்டு அப்புறம் ஆபா எடுங்கள், போனில் யாராவது ஆஸ்பத்திரியிலிருந்து பேசுகிறோம் என்று அந்த ஓடிபியைக் கேட்டால் சொல்லக் கூடாது என்றும் அம்மாவிடம் சொல்லி வையுங்கள்.