பிலிப்பைன்ஸ்ல இருக்கற நெல் ஆராய்ச்சி நிலையத்தால நம்ம டெல்டாவுக்கு என்ன பிரயோஜனம்?

நிறையவே இருக்குங்க. 1960ல லாஸ் பானோஸ்ல ஆரம்பிச்ச சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்ததான் கேக்கறீங்க, சுருக்கமா இரின்னு சொல்வாங்க. நம்ம தாத்தா காலத்து ஆளுங்க ஐயாரெட்டுன்னு சொல்ற நெல்லு 1966ல அங்கேருந்து வந்ததுதான், குட்டையா நிக்கும், உரம் போட்டாலும் சாயாது. கும்பகோணத்துக்காரரு எம்.எஸ்.சுவாமிநாதன் 1982லேருந்து 88 வரைக்கும் அதுக்கு தலைமை இயக்குநரா இருந்தாரு.

ஆனா எனக்கு பெருசா படறது சப்1 ஜீன்தான், அதாவது வெள்ளத்துல முழுகினாலும் நெல்ல தாங்க வைக்கற மரபணு. ஐப்பசி கார்த்திகை மழையில சம்பா முழுகிச்சுன்னா சாதா பயிரு மூச்சு வாங்கறதுக்காக தண்ணிக்கு மேல நீள பாக்கும், அதுலயே சேத்து வச்ச சத்தெல்லாம் தீந்துபோய் அழுகிடும். இந்த ஜீன் இருந்தா பயிரு வளராம அப்படியே அடங்கி கிடக்கும், ரெண்டு வாரம் கிட்ட தாங்கும், தண்ணி வடிஞ்சதும் திரும்ப துளிர்க்கும். இது ஒடிசாவோட பழைய நாட்டு ரகத்துலேருந்து எடுத்தது! நம்ம சி.ஆர்.1009 நெல்லுலயும் சப்1 சேத்த ரகம் இருக்கு, பள்ளக்கால் வயல் வச்சிருக்கவங்க கண்டிப்பா விசாரிங்க. ஆனா மாசக்கணக்கா தண்ணி தேங்கினா இதுவும் தாங்காது, வடிகால் வாய்க்கால தூர்வாரித்தான் ஆகணும்.

வெளிநாட்டு உதவின்னா கம்போடியாவ சொல்லணும், போர்ல விதைநெல்லே அழிஞ்சுபோன அந்த நாட்டு விவசாயிங்களுக்கு, இரிக்காரங்க முன்னாடியே வாங்கி பத்திரப்படுத்தி வச்சிருந்த அவங்க சொந்த ரகங்களையே 1980கள்ல திருப்பி குடுத்தாங்க.