திறன், திறமை, லாவகம்: சொல் தேர்வு குறித்த கேள்வி பதில்

கேள்வி: திறன், திறமை, ஆற்றல் ஆகிய மூன்றையும் மாற்றி மாற்றி எழுதுகிறேன். தவறா?

பதில்: பேச்சில் தவறாகாது, எழுத்தில் கவனம் தேவை. பழகித் தேர்ந்தது என்னும் பாராட்டு திறமையில் சேர்ந்தே ஒலிக்கும். திறன் எந்திரத்துக்கும் உண்டு. அதனால்தான் குதிரைத்திறன் என்கிறோம், குதிரைத்திறமை என்பதில்லை. இயற்பியல் பாடநூல்கள் வேலை செய்யும் வீதத்தைத் திறன் என்றும், வேலை செய்வதற்கான தகுதியை ஆற்றல் என்றும் வரையறுப்பதால், அறிவியல் கட்டுரையில் இவ்விரண்டும் இடம் மாறினால் பொருளே பிழைபட்டுவிடும்.

கேள்வி: லாவகமும் கைத்திறனும் ஒன்றுதானா?

பதில்: இல்லை. கனமின்மையைக் குறிக்கும் 'லகு' என்னும் வடசொல்லின் வழியே வந்த லாகவம்தான் நம் வழக்கில் லாவகமாயிற்று. கைத்திறன் செய்து முடித்த பொருளிலும் தெரியும். லாவகமோ செய்யும் அசைவில் மட்டுமே தெரியும். கீழிருந்து வீசப்படும் செங்கல்லைச் சாரத்தில் நிற்பவர் பிடிப்பதைக் கவனியுங்கள்: கல் மேலேறி வேகம் தணியும் நொடி வரை பொறுத்திருந்து, அதன் போக்கிலேயே கையையும் நகர்த்தி, உள்ளங்கையில் அறையாதபடி ஏந்திக்கொள்வார். அவரிடம் வலிமை இல்லாமலில்லை. ஆனால் நம் கண்ணில் படுவது அந்தக் கனமின்மைதான். இதைப் போய்த் 'திறமையாகப் பிடித்தார்' என்று எழுதினால், பார்த்ததில் பாதி விடுபட்டுப் போகிறது.

கேள்வி: பரிந்துரைக் கடிதத்தில் ஒருவரைச் சாமர்த்தியசாலி என்று குறிப்பிடலாமா?

பதில்: தவிர்த்துவிடுங்கள். குழந்தையைச் 'சமர்த்து' என்று கொஞ்சுகிறோம். ஆனால் பெரியவர்களைப் பற்றிப் பேசும்போது, தம் காரியத்தைச் சாதித்துக்கொள்பவர் என்ற சாயல் சாமர்த்தியத்தில் படிந்துவிடுகிறது. மதிநுட்பம், சமயோசித அறிவு ஆகியவற்றில் அந்த ஐயம் எழாது.

கேள்வி: உடல், மனம் இரண்டின் தேர்ச்சிக்கும் பொதுவான தமிழ்ச்சொல் உண்டா?

பதில்: 'வல்' என்னும் அடிச்சொல்லைப் பற்றிக்கொள்ளுங்கள். வலிமையும் அதிலிருந்தே பிறக்கிறது, வல்லுநரும் அதிலிருந்தே பிறக்கிறார். திருக்குறளின் 65ஆம் அதிகாரம் பேச்சுத்திறனைச் சொல்வன்மை என்கிறது. சங்கப் பாடல்களில் தொழில் தேர்ந்த கைவினைஞர் 'கைவல் கம்மியன்' எனப்படுகிறார். இந்தக் 'கைவல்' இன்றைய உரைநடைக்குத் திரும்ப வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். சாரத்தில் நிற்கும் அந்த மனிதருக்கு இதைவிடப் பொருத்தமான அடைமொழி எனக்குத் தோன்றவில்லை.