பத்து வருட அனுபவம் இருந்தும் ஒரு ஃபோன்கூட வரவில்லை, ரெக்ரூட்டர்கள் ரெஸ்யூமைப் படிக்கிறீர்களா இல்லையா?

கேள்வி கேட்டவர் மூன்று மாதமாக நவுக்ரி, லிங்க்ட்இன் என்ற இரண்டு வேலைத் தளங்களிலும் அப்ளை பண்ணிக்கொண்டே இருக்கிறாராம், எங்கிருந்தும் பதில் இல்லையாம். கொஞ்சம் கோபமாகத்தான் கேட்டிருக்கிறார். கோபம் நியாயமானதுதான்.

சென்னையில் 14 வருடமாக ஆள் எடுக்கும் இந்த வேலையில் இருக்கிறேன். முதலில் தி.நகரில் ஒரு மாடி அறையில் நடந்த, கம்பெனிகளுக்கு ஆள் தேடித் தரும் கன்சல்டன்சி, இப்போது பெருங்குடியில் ஒரு கம்பெனியின் எச்.ஆர். பிரிவு. படிக்கிறோம். ஆனால் அப்ளை பண்ணியவர்களை வரிசையாக உட்கார்ந்து படிப்பதில்லை, முதல் நாளே அந்தக் குவியல் கைமீறிப் போய்விடும். மேனேஜர் ஆள் வேண்டும் என்று சொன்னதும் நான் போவது ரெஸ்டெக்ஸுக்கு, அதாவது நவுக்ரியின் ரெஸ்யூம் கிடங்குக்கு. அங்கே நாலு வார்த்தை அடிப்பேன், எத்தனை வருட அனுபவம், எந்த ஊர், நோட்டீஸ், அதாவது ராஜினாமா கொடுத்த பிறகும் பழைய இடத்தில் இருக்க வேண்டியது, எத்தனை நாள் என்று வடிகட்டுவேன், கடைசி 15 நாளில் நவுக்ரிக்குள் வந்தவர்களை மட்டும் காட்டு என்பேன். அதில் நீங்கள் விழவில்லை என்றால் என்னைப் பொறுத்தவரை நீங்கள் இந்த ஊரிலேயே இல்லை. ஒன்றை முதலில் புரிந்துகொள்ளுங்கள்: என் சம்பளம் காலியாக இருக்கும் நாற்காலியை நிரப்புவதற்கு. உங்களுக்கு வேலை தேடித் தரச் சொல்லி என்னை யாரும் வைத்திருக்கவில்லை. கேட்கக் கசப்பாக இருக்கும், ஆனால் இதைப் புரிந்துகொண்டால் எங்கள் நடத்தையில் பாதி விளங்கிவிடும்.

ஒரு உதாரணம். கன்சல்டன்சியில் இருந்தபோது ஒரகடத்தில் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனிக்கு சப்ளையர் குவாலிட்டி ஆள், அதாவது வெளியிலிருந்து வரும் பாகங்களின் தரத்தைப் பார்ப்பவர், தேடினேன். பிபிஏபி, அதாவது ஒரு பாகத்தைத் தயாரிக்க ஒப்புதல் வாங்கும் நடைமுறை, தெரிந்திருக்க வேண்டும், எட்டிலிருந்து 12 வருடம். தேடினால் உருப்படியாக யாருமே வரவில்லை. அப்புறம் தெரிந்தவர் மூலமாக அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்க்கும் ஒருவரின் ரெஸ்யூம் கைக்கு வந்தது. மேலே ஒரு கரியர் அப்ஜெக்டிவ், கீழே அப்பா பெயர், பாஸ்போர்ட் எண், "மேற்கண்டவை யாவும் உண்மை" என்று ஓர் உறுதிமொழி. நடுவில் 11 வருட வாழ்க்கைக்கு ஒரே வரி: சப்ளையர் குவாலிட்டிக்குப் பொறுப்பு. ஃபோன் பண்ணி, "சார், பிபிஏபி பண்ணியிருக்கீங்களா?" என்று கேட்டேன். "அது தினமும் பண்றதுதானே மேடம், அதைப் போய் எழுதுவாங்களா?" என்றார்.

எனக்குச் சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் கிளறியதும், திருமுடிவாக்கத்தில் ஒரு பிரஸ் பார்ட்ஸ் வெண்டரிடம் ரிஜெக்‌ஷன் தாங்க முடியாமல் போனபோது இரண்டு வாரம் அங்கேயே போய் உட்கார்ந்து டையில், அதாவது தகட்டை அழுத்தும் அச்சில், இருந்த கோளாறைக் கண்டுபிடித்த கதையைச் சொன்னார், அதையும் ஏதோ டீக்கடைப் பேச்சு மாதிரி. அந்தக் கதையை அப்படியே இரண்டு வரியாக எழுதச் சொன்னேன். பிபிஏபி, எஃப்எம்இஏ (எங்கே கோளாறு வரலாம் என்று முன்கூட்டியே ஆராய்வது), ஐஏடிஎஃப் 16949 (வாகனத் துறைத் தரநிலை) ஆடிட் என்று அவர் தொட்டதையெல்லாம் பெயர் சொல்லிப் போடச் சொன்னேன். அப்பா பெயரை எடுக்கச் சொன்னபோது மட்டும் கொஞ்சம் தயங்கினார். ஒரே மாதத்தில் அந்த ஒரகடம் கம்பெனி தவிர வேறு இரண்டு இடத்திலிருந்தும் அவருக்கு அழைப்பு வந்தது. தினமும் செய்வதால் சாதாரணமாகத் தெரியும் வேலையைத்தான் நாங்கள் தேடல் பெட்டியில் அடிக்கிறோம். அதற்காகச் செய்யாததையெல்லாம் வார்த்தையாக அடுக்கிவிடாதீர்கள், முதல் ரவுண்டிலேயே மாட்டிக்கொள்வீர்கள்.

அடுத்து கன்சல்டன்சி. இந்தத் தொழிலில் பரவலாக ஓடும் கணக்கு 8.33 சதவீதம், அதாவது ஆள் சேர்ந்தால் அவருடைய ஒரு மாதச் சம்பளம் அளவுக்குக் கம்பெனி கன்சல்டன்சிக்குக் கொடுக்கும். சேர்ந்தவர் 90 நாளுக்குள் போய்விட்டால் பெரும்பாலும் இலவசமாக வேறு ஆள் தர வேண்டும். பணம் கம்பெனியிடமிருந்து வருகிறது, ஆகவே உங்களிடம் ரெஜிஸ்ட்ரேஷன், ட்ரெயினிங், லேப்டாப் டெபாசிட் என்று யார் ஒரு ரூபாய் கேட்டாலும் ஃபோனை வைத்துவிடுங்கள், ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் பேசுங்கள். நேர்மையான கன்சல்டன்சியிடமும் கம்பெனி பெயரைக் கேட்காமல் ரெஸ்யூம் அனுப்பாதீர்கள். ஒரே ஆளை இரண்டு கன்சல்டன்சி அனுப்பினால் யாருக்குக் காசு என்று சண்டை வரும், அந்தத் தலைவலியே வேண்டாம் என்று ஆளையே ஒதுக்கும் கம்பெனிகளைப் பார்த்திருக்கிறேன். யார், எந்தக் கம்பெனிக்கு, என்றைக்கு அனுப்பினார்கள் என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

சம்பளம். 12 லட்சம் சிடிசி, அதாவது கம்பெனி உங்களுக்காக வருடத்துக்குச் செலவழிக்கும் மொத்தத் தொகை, என்றதும் மாதம் ஒரு லட்சம் என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். போட்டுப் பார்ப்போம். வேரியபிள், அதாவது செயல்பாட்டைப் பொறுத்து வரும் பகுதி, பத்து சதவீதம் என்றால் 1,20,000 போயிற்று. பேஸிக் ஆறு லட்சம் என்றும் முழு பேஸிக்குக்கும் பி.எஃப். என்றும் வைத்துக்கொண்டால், கம்பெனி பங்கு 12 சதவீதம், 72,000. கிராஜுவிட்டி (பணிக்கொடை) 4.81 சதவீதம், 28,860. மீதியை 12-ஆல் வகுத்தால் 81,595. அதிலும் உங்கள் பி.எஃப். பங்கு 6,000 போனால் 75,595, வரி, இன்ஷூரன்ஸ் தனி. ஆகவே எவ்வளவு வேண்டும் என்று கேட்டால் ஃபிக்ஸட் எவ்வளவு என்று சேர்த்துப் பேசுங்கள், ஆஃபர் லெட்டரில் எது எவ்வளவு என்ற பிரேக்கப் பார்க்காமல் இருக்கும் வேலைக்கு ராஜினாமா பேப்பர் போடாதீர்கள்.

நோட்டீஸ் 90 நாள் என்பது பெரிய இம்சைதான், அதற்காக உங்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்த மூன்று மாதத்தில் கையில் ஒரு ஆஃபரை வைத்துக்கொண்டு அடுத்ததைத் தேடுவது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. தேடிக்கொள்ளுங்கள். ஆனால் வரமாட்டேன் என்றால் சொல்லிவிடுங்கள். ஒரு திங்கட்கிழமை காலை 9:30-க்கு ஐடி கார்டு, லேப்டாப், வெல்கம் கிட் எல்லாம் மேஜையில் வைத்துக்கொண்டு ரிசப்ஷனில் நின்றிருக்கிறேன், ஃபோன் சுவிட்ச் ஆஃப். பதினொரு மணிக்கு மேனேஜர் வந்து அந்த லேப்டாப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் போனார். அன்று வராமல் போனவரின் பெயர் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

வேலையில்லாமல் இருந்த இடைவெளியை மறைக்க போலி அனுபவச் சான்றிதழ் வாங்காதீர்கள். பி.எஃப். கணக்குக்கு 2014-லிருந்து யுஏஎன், அதாவது கம்பெனி மாறினாலும் மாறாத ஒரே எண், வந்துவிட்டது. எந்தக் கம்பெனியில் எந்தத் தேதியில் சேர்ந்தீர்கள், எப்போது விலகினீர்கள் என்பது அதில் வரிசையாக இருக்கும், பின்னணிச் சரிபார்ப்பில் முதலில் கேட்பதே அதைத்தான். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, எட்டு மாதம் வீட்டில் இருந்தேன் என்று சொன்னவரை நான் வேலைக்கு எடுத்திருக்கிறேன்.

கேட்டவருக்கு: இந்த வாரம் ரெஸ்யூமில் உங்கள் தினசரி வேலையை எழுதுங்கள், நவுக்ரியில் இரண்டு நாளைக்கு ஒருமுறை ஏதாவது ஒரு வரியைத் திருத்தி சேவ் பண்ணுங்கள், அப்போதுதான் நான் சொன்ன அந்த 15 நாள் வடிகட்டலில் விழுவீர்கள். அப்புறம், தெரியாத எண் என்று எடுக்காமல் விடாதீர்கள். ட்ரூகாலரில் எங்களைப் பாதிப் பேர் ஸ்பேம் என்று போட்டு வைத்திருக்கிறார்கள், சிவப்பாகத்தான் தெரியும். மீட்டிங்கில் இருந்தால் "6 மணிக்கு மேல் பேசலாமா" என்று ஒரு மெசேஜ் தட்டுங்கள், நான் அந்நேரம் எம்டிசி பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தாலும் கூப்பிடுவேன்.