எடிட்டரில் டேப்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும்: கேள்வி பதில்

நிரலோ கட்டுரையோ எழுத உதவும் எடிட்டர் மென்பொருள்களுக்கு முகப்பு வடிவமைப்பதுதான் பல வருடமாக என் வேலை. அதில் நான் அதிகம் மல்லுக்கட்டியது, திறந்த கோப்புகளின் பெயரைத் தாங்கி மேலே வரிசையாக நிற்கும் டேப்களோடு. கேள்வி கேட்டவர்களுக்கு நன்றி, ஒவ்வொன்றாக வருகிறேன்.

கேள்வி (கல்லூரி மாணவர்): அண்ணா, கடைசி வருட ப்ராஜெக்டுக்குச் சின்னதாக ஒரு எடிட்டர் எழுதுகிறோம். புதிதாகத் திறக்கும் கோப்பின் டேப் எங்கே வர வேண்டும்? வரிசையின் கடைசியிலா, இப்போது இருக்கும் டேப்புக்குப் பக்கத்திலா?

பதில்: பக்கத்தில், வலப்புறம். மைக்ரோசாஃப்டின் எடிட்டரான விஎஸ் கோடும் இப்படித்தான் செய்கிறது. ஒரு கோப்பில் வேலை செய்துகொண்டிருக்கும்போது அதோடு சம்பந்தப்பட்டதைத்தான் பெரும்பாலும் திறப்போம், இரண்டும் அருகருகே இருப்பது வசதி. ஆனால் ஏற்கெனவே திறந்திருப்பவற்றின் வரிசையை எடிட்டர் தானாகக் கலைக்கவே கூடாது. இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

ஓர் அச்சகத்தில் பிழை திருத்தும் அக்கா ஒருவர் எங்கள் எடிட்டரைப் பயன்படுத்தி வந்தார். ஏழெட்டுக் கட்டுரைகள் எப்போதும் திறந்திருக்கும். மூன்றாவது டேப்பில் தலைப்புப் பட்டியல். ப்ரூஃப் தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே அவர் கை மவுஸோடு மூன்றாவது இடத்துக்குப் போய்விடும். அதிகம் பயன்படுத்தும் கோப்பு தானாக முன்னால் வந்து நிற்கும்படி ஒரு வசதியைச் சேர்த்தோம், நல்லது செய்வதாக நினைத்து. அடுத்த முறை போனபோது, திரையில் ஒவ்வொரு டேப்பின் பெயரையும் விரல் வைத்து வாசித்துக்கொண்டிருந்தார். “தம்பி, எது எங்க போய் நிக்குதுன்னே தெரியலை” என்றார். அன்றைக்கு இரவே அந்த வசதியை எடுத்துவிட்டேன். டேப்பை இழுத்து நகர்த்தும் உரிமை பயனருக்கு மட்டும்தான்.

கேள்வி (புரோகிராமர்): கன்ட்ரோல்+டேப் அழுத்தினால் அடுத்த டேப்புக்குப் போக வேண்டுமா, கடைசியாகப் பார்த்த டேப்புக்கா?

பதில்: கடைசியாகப் பார்த்ததற்கு. நிரலும் அதைச் சோதிக்கும் டெஸ்ட் கோப்பும் என்று இரண்டுக்கும் நடுவே நாள் முழுக்கப் போய் வருகிறோம், ஒரே அழுத்தில் அது நடக்க வேண்டும். கண்ணால் பார்க்கிற வரிசைப்படி நகர வேண்டியவர்களுக்குத் தனி விசை கொடுங்கள். விஎஸ் கோடில் அதற்குக் கன்ட்ரோல்+பேஜ்டவுன்.

இதை எழுதும்போது பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. டேப் விசையை அழுத்திய உடனேயே “கடைசியாகப் பார்த்தது” பட்டியலை மாற்றிவிடுவார்கள். விளைவு என்ன? முதல் அழுத்தில் இரண்டாவது கோப்பு வரும், அது பட்டியலின் உச்சிக்குப் போகும். மறு அழுத்தில் பழைய கோப்பே திரும்ப வரும். மூன்றாவது கோப்பை எத்தனை தடவை அழுத்தினாலும் தொடவே முடியாது. கன்ட்ரோலைப் பிடித்திருக்கும்வரை பட்டியல் அப்படியே இருக்க வேண்டும். கையை எடுத்த பிறகுதான் மாற்ற வேண்டும்.

கேள்வி (ஆசிரியை): சார், விஎஸ் கோடில் ஒரு கோப்பைத் திறந்து பார்க்கிறேன். அடுத்ததைச் சொடுக்கியதும் முதல் கோப்பின் டேப் காணாமல் போகிறது. ஏதாவது கெட்டுவிட்டதா?

பதில்: ஒன்றும் கெடவில்லை மேடம். அது முன்னோட்ட டேப். பெயர் சாய்ந்த எழுத்தில் இருந்தால், சும்மா எட்டிப் பார்ப்பதற்காகத் திறந்தது என்று அர்த்தம். இருமுறை சொடுக்கினாலோ ஏதாவது தட்டச்சினாலோ நிலையாகிவிடும். வேண்டாமென்றால் அமைப்புகளில் நிறுத்திவிடலாம்.

எனக்கு இந்த வசதி பிடிக்கும், அதை உணர்த்தும் விதம் பிடிக்காது. நம் எழுத்துருக்கள் பலவற்றில் சாய்வெழுத்தைத் தனியாக வரைந்திருக்க மாட்டார்கள். கோப்பின் பெயர் தமிழில் இருந்தால் லேசாகச் சரிந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான். யார் கவனிப்பார்கள்? நிறத்தை மங்கலாக்கினால் எந்த மொழிக்காரருக்கும் புரியும்.

கேள்வி: நிரலில் வரியை உள்ளே தள்ள டேப்பா, நாலு ஸ்பேஸா?

பதில்: அது விசையைப் பற்றிய கேள்வி, இங்கே பேசுவது வேறு டேப். இருந்தாலும் சொல்கிறேன்: பைத்தானில் நாலு ஸ்பேஸ், மேக்ஃபைலில் (நிரலைக் கட்டமைக்கும் கட்டளைகளை எழுதும் கோப்பு) டேப்.

கேள்வி (மொழிபெயர்ப்பாளர்): நாற்பது கோப்புகள் திறந்தால் பெயரே தெரிவதில்லை. இதற்கு வழி என்ன?

பதில்: குரோம் டேப்பைச் சுருக்கிக்கொண்டே போகும். ஃபயர்ஃபாக்ஸ் ஓர் அளவுக்குக் கீழே சுருக்காமல் வரிசையை உருட்ட விடும். எடிட்டருக்கு இரண்டாவதுதான் சரி, ஏனென்றால் கோப்பைப் பெயரை வைத்துத்தான் தேடுகிறோம். ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இருந்தால் மட்டும் பக்கத்தில் ஃபோல்டர் பெயரையும் காட்ட வேண்டும்.

பெயரை வெட்டியே ஆக வேண்டும் என்றால் நடுவில் வெட்டுங்கள். “மொழிபெயர்ப்பு_அத்தியாயம்_07”, “மொழிபெயர்ப்பு_அத்தியாயம்_08” இரண்டையும் கடைசியில் வெட்டினால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி நிற்கும்.

தமிழுக்கு இன்னொன்றும் இருக்கிறது. “தமிழ்” நமக்கு மூன்று எழுத்து, கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் ஐந்து குறியீடு. குறியீட்டை எண்ணி நாலில் வெட்டினால் புள்ளி போய் “தமிழ” என்று நிற்கும். “கோவில்” முதல் குறியீட்டோடு வெட்டுப்பட்டால் வெறும் “க”. முழு எழுத்தாக எண்ணி வெட்டும் நூலகங்கள் (ஆயத்த நிரல் தொகுப்புகள்) பெரும்பாலான நிரல்மொழிகளில் கிடைக்கின்றன. தயவுசெய்து பயன்படுத்துங்கள்.

கேள்வி: விம் எடிட்டரில் டேப் ஏன் வேறு மாதிரி இருக்கிறது?

பதில்: 2006-இல் வந்த விம் 7-இல்தான் டேப் சேர்ந்தது. அங்கே ஒரு டேப் என்பது சாளரங்களின் ஓர் அடுக்கு. ஒரே கோப்பு மூன்று டேப்களில்கூடத் தெரியலாம். கோப்புக்கு ஒரு டேப் என்று நினைத்துக்கொண்டு போனால் குழப்பம்தான். ஈமாக்ஸ் எடிட்டரின் 27-ஆம் பதிப்பு இந்த இரண்டு விதத்தையும் தனித்தனிப் பெயரில் கொடுத்துவிட்டது, தெளிவாக இருக்கிறது.

கேள்வி (கல்லூரி மாணவர், மறுபடியும்): டேப்பை மூடும்போது என்னென்ன பார்க்க வேண்டும் அண்ணா?

பதில்: மூடியதும் எந்த டேப் முன்னால் வர வேண்டும் என்றால், அதற்கு முன் பார்த்துக்கொண்டிருந்தது. அப்புறம், குரோமில் மவுஸால் நாலைந்து டேப்களை அடுத்தடுத்து மூடிப் பாருங்கள். மவுஸை விலக்கும்வரை மீதி டேப்களின் அகலம் மாறாது. அதனால் அடுத்த மூடும் குறி கர்சருக்கு நேர்கீழே வந்து நிற்கும். இதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

சேமிக்காத டேப்பில் மூடும் குறி இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி காட்டுங்கள். அதை மூடப்போனால், கோப்பின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். எடிட்டரையே மூடினால் எதுவும் கேட்காதீர்கள், எல்லாவற்றையும் ஓரமாக எழுதி வைத்து, அடுத்த முறை அப்படியே திருப்பிக் கொடுங்கள். விண்டோஸ் 11-இன் நோட்பேடே இன்று அதைச் செய்கிறது. கடைசியாக, கன்ட்ரோல்+ஷிஃப்ட்+டி (T): தவறி மூடிய டேப் அதே இடத்தில், கர்சர் அதே வரியில் இருக்கும்படி திரும்பி வர வேண்டும். மற்ற வசதிகளுக்கு முன்னால் இதை எழுதி முடித்துவிடுங்கள், தம்பி.