பொதுமன்னிப்பும் மாதாமாதம் பணமும் கொடுத்தால் முன்னாள் ஆயுதக் குழுவினரின் வாழ்க்கை சீராகிவிடுமா?

நைஜீரியாவில் போர்ட் ஹார்கோர்ட் பக்கம் சில வருடம் வெல்டிங் இன்ஸ்பெக்டராக இருந்தேன். அங்கே பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்: துப்பாக்கியைக் கீழே வைக்க அந்தப் பணம் போதுமாக இருந்தது, வாழ்வதற்குப் போதவில்லை.

போர்ட் ஹார்கோர்ட் இருக்கும் நைஜர் டெல்டா எண்ணெய் பூமி. ஆனால் ஆறும் கிணறும் நாசம். 2011ல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு ஓகோனி பகுதியில் ஒரு ஊரின் கிணற்று நீரைச் சோதித்தபோது, புற்றுநோய் தரக்கூடிய பென்சீன் அனுமதிக்கப்பட்ட அளவைப் போல 900 மடங்குக்கு மேல் இருந்தது. இப்படிப்பட்ட ஊர்ப் பையன்கள்தான் ஆயுதம் எடுத்தார்கள். எண்ணெய்க் குழாய்களை வெடித்தார்கள், ஆட்களைக் கடத்தினார்கள். 2009ல் அதிபர் யார் அடுவா பொதுமன்னிப்பு அறிவித்து, ஆயுதத்தை ஒப்படைக்க அக்டோபர் 4 வரை கெடு கொடுத்தார். பிறகு சேர்ந்தவர்களோடு மன்னிப்புப் பட்டியல் 30,000 பேரானது. ஆளுக்கு மாதம் 65,000 நைரா. ஓபுப்ரா முகாமில் சுமார் இரண்டு வாரம் மனமாற்றப் பயிற்சி, அப்புறம் ஏதாவது ஒரு தொழில். எண்ணெய் உற்பத்தி மளமளவென்று ஏறியது.

அப்படி வெல்டிங் கற்றுக்கொண்ட ஒருவர் எங்களிடம் வேலை கேட்டு வந்தார். முப்பது வயதிருக்கும், டெல்டாவின் இஜாவ் இனத்தவர். சான்றிதழை லேமினேட் செய்து சட்டைக்குள் வைத்திருந்தார். 6ஜி டெஸ்ட் கொடுத்தேன், சாய்வாக நிறுத்திய பைப்பில் வெல்டு வைக்கும் கஷ்டமான தேர்வு. பைப்பைச் சுற்றி ரூட் பாஸ், அதாவது முதல் அடுக்கு வெல்டு, அவ்வளவு சீராக ஓடியிருந்தது, எக்ஸ்ரேயில் ஒரு குறையும் இல்லை. ஆனால் அவர் அந்தப் பட்டியலில் இருந்தவர் என்று தெரிந்ததும் நிர்வாகம் வேண்டாம் என்றுவிட்டது. நான் இரண்டு முறை பேசிப் பார்த்தேன். நடக்கவில்லை. இன்றும் அது எனக்கு ஆறவில்லை.

அதன்பிறகும் அடிக்கடி வருவார். 'ஓகா' என்றுதான் கூப்பிடுவார், அந்த ஊரில் ஐயா மாதிரி. இரவில் ஜெனரேட்டர் நின்றால் எழுந்து உட்கார்ந்துவிடுவேன் என்றார். காட்டு முகாமில் ராணுவப் படகின் சத்தம் கேட்டால் முதலில் ஜெனரேட்டரைத்தான் அணைப்பார்களாம். மின்சாரம் பாதி நேரம் இல்லாத ஊரில் அவர் எப்படித் தூங்குவார்? இதையெல்லாம் கேட்க ஒரு ஆளைக்கூட யாரும் அவரிடம் அனுப்பவில்லை. இரண்டு வார முகாமோடு மனசு சரியாகிவிட்டதாகக் கணக்கு.

பணத்தின் கதை இன்னும் மோசம். பலருக்கு அது பழைய தளபதி கையைத் தாண்டித்தான் வந்தது, அவர் பங்கு போக. பணம் வந்ததைச் சொல்லும் பேங்க் 'அலர்ட்' தாமதமான மாதங்களில் இளைஞர்கள் சாலையை மறித்தார்கள். 2011ல் நாட்டின் குறைந்தபட்ச ஊதியம் 18,000 நைரா, அப்போது 65,000 பெரிய தொகை. 2024ல் குறைந்தபட்ச ஊதியமே 70,000 ஆகிவிட்டது. ஆயுதம் எடுக்காமல் மீன்பிடித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பையனுக்கோ ஆரம்பம் முதலே ஒன்றும் இல்லை. 2016ல் புதிதாக ஒரு குழு கிளம்பி மறுபடி குழாய்களை வெடித்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

பயிற்சி தரும்போதே வேலை தரும் நிறுவனத்தையும் அரசு கையெழுத்துப் போட வைத்திருக்க வேண்டும். கிணற்றைச் சுத்தம் செய்யும் வேலையையே இவர்களுக்குக் கொடுத்திருக்கலாம். ஊரிலேயே ஒரு மனநல ஆலோசகர், வருடக்கணக்கில்.

அவர் இப்போது ஜன்னல் கிரில் செய்கிறார். போட்டோ அனுப்புவார். மூட்டு ஒவ்வொன்றும் பைப் லைனில் இருக்க வேண்டிய வெல்டு.