கல்யாண கேசட்டைக் கடிக்கும் டெக்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அப்பச்சி சிங்கப்பூரில் இருந்தபோது வாங்கி வந்த வீடியோ டெக் இன்னும் வீட்டில் இருக்கிறது. ஆத்தா அப்பச்சி கல்யாண கேசட்டைப் போட்டால் கொஞ்ச நேரம் ஓடுகிறது, அப்புறம் டேப்பைக் கடித்துக்கொண்டு நின்றுவிடுகிறது. வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா? (வாசகி, கானாடுகாத்தான்)

பதில்: முடியும். ஆனால் டெக் சரியாகும்வரை அந்தக் கல்யாண கேசட்டை அதற்குள் போடவே போடாதீர்கள். இசைகுடிமானம் (கல்யாண ஒப்பந்தம்) எழுதியதும் திருப்பூட்டியதும் (தாலி கட்டியதும்) அந்த ஒரு நாடாவில்தான் இருக்கிறது, டெக் போனால் இன்னொரு பழைய டெக் தேடிக்கொள்ளலாம். பரணில் கிடக்கும் வேண்டாத படக் கேசட் ஒன்றை எடுத்து, சோதனை எல்லாம் அதிலேயே செய்யுங்கள்.

கேசட் இப்போது உள்ளேயே மாட்டியிருந்தால் இழுக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிவிட்டு மேல்மூடியைக் கழற்றினால், பெரும்பாலான டெக்குகளில் கேசட்டை உள்ளிழுக்கும் சின்ன மோட்டாரின் சக்கரம் கண்ணுக்குத் தெரியும். அதை விரலால் மெதுவாகச் சுற்றினால் நாடா தளர்ந்து, கேசட் தானாக மேலே வரும். கரன்ட் கம்பி நுழையும் பவர் சப்ளை பக்கம் மட்டும் கை போக வேண்டாம். அங்குள்ள கெப்பாசிட்டரில் (மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் பாகம்) பல டெக்குகளில் 300 வோல்ட்டுக்கு மேல் ஏறியிருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும். சின்னப் பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

இனி நோய்க்கு வருவோம். ரப்பர் உருளை ஒன்று நாடாவை ஒரே வேகத்தில் தள்ளிக்கொண்டே இருக்கும், அதை வலதுபக்க ரீல் சுருட்டிக்கொள்ள வேண்டும். வலது ரீல் சோர்ந்தால் நாடா உள்ளே குவிந்து சிக்கிக்கொள்ளும், நீங்கள் கடிக்கிறது என்று எழுதியிருப்பது அதைத்தான். வேண்டாத கேசட்டை ஓடவிட்டு, கேசட்டின் கண்ணாடி வழியாக வலது ரீல் விட்டு விட்டுச் சுற்றுகிறதா என்று பாருங்கள். பல டெக்குகளில் இரண்டு ரீலுக்கும் நடுவே ஒரு குட்டிச் சக்கரம் இருக்கும், அதன்மேல் ஒரு ரப்பர் வளையம். நம் ஊர் வெயிலில் வருஷக்கணக்காகக் கிடந்த அந்த ரப்பர் பழைய செருப்பு வார் மாதிரி இறுகி, பளபளவென்று வழுக்கும். வளையத்தைக் கழற்றி உள்பக்கத்தை வெளியே திருப்பி மாட்டுங்கள், இல்லையென்றால் நைஸ் உப்புத்தாளால் லேசாகத் தேயுங்கள். கொஞ்ச நாள் பிடிக்கும், நமக்கு அது போதும். சக்கரங்களைச் சுற்றும் ரப்பர் பெல்ட் தொளதொளத்திருந்தால் அதே அளவில் புதிதாகப் போடத்தான் வேண்டும்.

இன்னொன்று, இதில் பலரும் ஏமாந்துபோகிறார்கள். வெளிச்சம் நன்றாக இருக்கிறதே என்று வளவில் உட்கார்ந்து மூடியில்லாமல் ஓட்டினால், டெக் ஓட மறுக்கும், இல்லை உடனே நின்றுவிடும். நாடா முடிந்ததா என்று பார்க்க இரண்டு ஓரத்திலும் ஒளி உணரிகள் இருக்கின்றன, முற்றத்து வெயில் பட்டால் அவை நாடா முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளும். அதனால் உள்ளறையில், மங்கலான வெளிச்சத்தில் சோதியுங்கள்.

வேண்டாத கேசட் முழுதாக இரண்டு தடவை சிக்காமல் ஓடிய பிறகு கல்யாண கேசட்டைப் போடுங்கள், அந்த முதல் ஓட்டத்திலேயே கம்ப்யூட்டரில் பதிவு செய்துவிடுங்கள். டெக்கிலிருந்து படமும் சத்தமும் வரும் ஏவி வயரை யூஎஸ்பியில் செருகும் சின்னக் கருவி இருக்கிறது, விலை அதிகமில்லை. தள்ளிப்போடாதீர்கள். உலகில் கடைசியாக டெக் செய்துகொண்டிருந்ததாக அறியப்பட்ட ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமே 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது.

கேள்வி: சத்தம் நன்றாக வருகிறது, படம் முழுக்கப் பொரிப்பொரியாக இருக்கிறது. டெக்கை மாற்றிவிடலாமா? (வாசகர், தேவகோட்டை)

பதில்: அவசரப்படாதீர்கள், அநேகமாக நாடாவிலிருந்து படத்தைப் படிக்கும் ஹெட்டில் அழுக்கு. சத்தத்தைப் பெரும்பாலும் தனி ஹெட் படிக்கிறது, அதனால்தான் அது தப்பித்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மழமழப்பான வெள்ளைத் தாளை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்து, ஹெட் பதிந்திருக்கும் பளபளக்கும் உருளையின் பக்கவாட்டில் ஒட்டினாற்போல் அசையாமல் பிடித்துக்கொண்டு, மறு கையால் உருளையை மேல் விளிம்பில் பிடித்து மெதுவாகச் சுற்றுங்கள். மேலும் கீழுமாகத் தேய்த்தால் ஹெட் உடைந்துபோகும். பஞ்சுக் குச்சியும் வேண்டாம், நூல் மாட்டிக்கொண்டால் போச்சு. நன்றாகக் காய்ந்த பிறகு போட்டுப் பாருங்கள். அப்படியே கேசட்டின் மூடியைத் திறந்து நாடாவையும் பாருங்கள். வெள்ளைப் பூசணம் இருந்தால் அந்தக் கேசட்டைப் போடாதீர்கள், ஹெட்டையும் அடுத்து போடும் கேசட்டுகளையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து அண்ணன் அந்தக் காலத்தில் அனுப்பிய கேசட் மட்டும் படம் உருண்டுகொண்டே இருக்கிறது. டெக்கில் கோளாறா? (வாசகி, பள்ளத்தூர்)

பதில்: இல்லை ஆச்சி, டெக் நன்றாகத்தான் இருக்கிறது. டிவி படத்தை அனுப்பும் முறை அங்கே என்டிஎஸ்சி (NTSC), இங்கேயும் சிங்கப்பூர், மலேசியாவிலும் பால் (PAL). இரண்டையும் ஓட்டும் மல்ட்டி சிஸ்டம் டெக் யார் வீட்டிலாவது இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.